நாளுக்கு நாலு நிமிஷம்

கம்பெனி பஸ் என்னை மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் கடைசி மனையில் இறக்கிவிடும். வாசலில் காவலாளி சுப்பன் ஒரு மரப்பெட்டியை நீட்டுவார். கைப்பேசி, ஸ்மார்ட் வாட்ச், ப்ளூடூத் சமாச்சாரம் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மற்ற கம்பெனிகளில் ரகசியம் வெளியே போய்விடக் கூடாதென்று வாங்கி வைப்பார்கள். எங்களிடம் ரகசியம் ஒரு மண்ணும் கிடையாது. கைப்பேசி சும்மா சட்டைப் பையில் கிடந்தாலே அது போடுகிற இரைச்சல் எங்களுக்கு ஆகாது.

நாங்கள் செய்வது ரேடியோ தொலைநோக்கிக்கான ரிசீவர். எங்கோ ஒரு பொட்டல்வெளியில் வரிசையாக டிஷ் நிற்கப் போகிறது. அவற்றின் நடுவில் பொருத்துகிற பெட்டி இங்கே தயாராகிறது. பெட்டிக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க, பின்பக்கத்து வெட்டவெளியில் ஒரு சோதனை டிஷ் உண்டு. ஆறு மீட்டர் அகலம். எப்போதும் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு மேசை, ஒரு திரை, ஒரு நாற்காலி. அங்கேதான் எனக்கு வேலை.

தொலைநோக்கி என்றதும் ஊரில் எல்லோரும் கண்ணை வைத்துப் பார்க்கிற குழாய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதில் பார்க்க எதுவுமில்லை, கேட்கத்தான் முடியும். நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கிற வாயு மிக மெல்லிய ரேடியோ அலையை விட்டுக்கொண்டே இருக்கிறது. பல்லாயிரம் வருஷம் நடந்து வருகிற அந்த அலையை டிஷ் வாங்கித் தன் நடுவில் நிற்கிற குழலுக்குள் குவிக்கும். ரிசீவர் அதைப் பல லட்சம் மடங்கு பெருக்கி, எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும். வெயிலோ மேகமோ அதைத் தடுக்காது. பட்டப்பகலிலும் நட்சத்திரம் கேட்கும். ஒரே தொல்லை அக்கம்பக்கத்து இரைச்சல். இந்த ஒரகடம் வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பது, கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது எறும்பு நடப்பதைக் கேட்கிற மாதிரி. கேன்டீன் மைக்ரோவேவ், வெல்டிங் பொறி, ரோட்டில் போகிற பைக் எல்லாம் திரையில் மேடு மேடாக வந்து குதிக்கும்.

எது ஊர்ச் சத்தம், எது வானத்துச் சத்தம் என்று பிரிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஊர்ச் சத்தம் கடிகாரம் பார்த்து வரும். பத்து மணி டீக்கு மைக்ரோவேவ் போட்டால், தினமும் பத்து மணிக்கே மேடு எழும்பும். வானத்தில் இருப்பது அப்படி வராது. பூமி ஒரு சுற்றுச் சுற்ற முழுசாக இருபத்து நாலு மணி நேரம் ஆவதில்லை, நாலு நிமிஷம் குறைவு. அதனால் இன்றைக்கு மூன்று மணிக்குத் தலைக்கு மேல் வந்த நட்சத்திரம் நாளைக்கு இரண்டு ஐம்பத்தாறுக்கே வந்துவிடும். நாளுக்கு நாலு நிமிஷம் முந்தினால் வானம், முந்தாவிட்டால் கேன்டீன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் சசிரேகா. பிறகு அவளையே கல்யாணம் செய்துகொண்டேன்.

சசி வடகால்காரி. நான் நாங்குநேரிப் பக்கம். மண்ணூரில் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். குடியிருந்தோம் என்பதே பெரிய பேச்சு. அவளுக்குக் காலை ஷிஃப்ட், ஆறிலிருந்து இரண்டு. எனக்கு இரண்டிலிருந்து பத்து. நான் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். நான் கண் விழிக்கும்போது அவள் பஸ் ஏறியிருப்பாள். ஞாயிறு தவிர நாங்கள் விழித்திருந்து முகம் பார்ப்பது ஷிஃப்ட் மாறும் அந்தப் பத்து நிமிஷம் மட்டும். அவள் நாற்காலியை விட்டு எழுவாள், நான் உட்காருவேன், அது இன்னும் சூடாக இருக்கும். எனக்கு அந்தப் பத்து நிமிஷம் போதவில்லை என்று அவளிடம் பலமுறை சொல்லி அழாக்குறையாகப் புலம்பியிருக்கிறேன்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் கதவருகே நின்று, "மாமா, வரேன்" என்பாள். நான், "ஏட்டி, வா" என்பேன். எங்கள் பக்கம் பெண்டாட்டியை ஏட்டி என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பக்கத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அசெம்பிளி லைனில் இருக்கிற பெண்கள் முதலில் அதை ஏதோ கெட்ட வார்த்தை என்றே நினைத்தார்கள். கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல நமக்கு வாய் வராது. போவதற்கும் வரேன்தான், வருவதற்கும் வரேன்தான். அதற்குப் பதிலும் வாதான். தமிழ் இப்போதுதான் காதில் விழுகிற ஒருவன் பக்கத்தில் நின்று இதைக் கேட்டால் என்ன அர்த்தம் செய்துகொள்வான் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மூன்றாம் தேதி சங்கு ஊதும்போது நான் அறையில் இல்லை. டிஷ்ஷின் மேல் ஏணி போட்டு, கீழிருந்து பார்த்தால் ஆள் தெரியாதபடி உள்ளே குனிந்து, குழலில் கூடு கட்டியிருந்த குளவியைக் கலைத்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தால் சசி போய்விட்டிருந்தாள். இத்தனை நாளில் சொல்லாமல் போனதே இல்லை. மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது.

அன்று இரண்டு ஐம்பத்தாறுக்குத் திரையில் ஒரு சின்ன மேடு எழும்பி அடங்கியது. மறுநாள் இரண்டு ஐம்பத்திரண்டு. அதற்கு மறுநாள் இரண்டு நாற்பத்தெட்டு.

ஞாயிற்றுக்கிழமை சோறு சாப்பிட்டுக்கொண்டே அந்தச் சண்டையை ஆரம்பித்தேன். சொல்லாமல் போய்விட்டாயே என்றதற்கு சசி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொன்னேனே மாமா. கதவாண்ட நின்னு வரேன்னேன். நீ கூட உள்ளேந்து, ஏட்டி வான்னியே."

நான் ஏணி மேல் இருந்ததைச் சொன்னேன். காது குத்தாதே என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

மேடு மட்டும் தப்பாமல் வந்தது. மேனேஜர் பாண்டுரங்கன் சாருக்கு வாயெல்லாம் பல். இருபதாம் தேதி ரிசீவரை அனுப்பியாக வேண்டும். வானத்திலிருந்து ஒன்று இப்படிச் சுத்தமாக விழுந்தால் காது நன்றாக வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம். எல்லா நாள் பதிவையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டச் சொன்னார். ரேடியோ வானியலில் அதுதான் வழக்கம். இரைச்சல் நாளுக்கொரு விதமாக இருப்பதால் கூட்டக் கூட்ட ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தேய்ந்துவிடும். நிஜமாக இருப்பது மட்டும் கூடிக்கொண்டே போகும். ஒரு நாள் பதிவில் தெரியாதது பத்து நாள் பதிவில் துலங்கிவிடும்.

நான் அதை ஸ்பீக்கரில் போட்டும் கேட்பேன். கண்ணுக்குத் தப்புகிற கோளாறு சில சமயம் காதுக்கு அகப்படும். ஐந்து நாள் கூட்டியபோது, எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்ட மாதிரி ஒரே சீறல். ஏழு நாள் கூட்டியபோது சீறலுக்கு அடியில் யாரோ மூச்சை இழுப்பது போலிருந்தது. ஒன்பதாம் நாள் கூட்டிவிட்டு ஒலியைக் கொஞ்சம் ஏற்றினேன்.

"ஏட்டி… வா."

என் குரல்.

ஏகாரத்தை நான் இழுக்கிற அதே இழுப்பு. சளி பிடித்த மூக்கோடு நான் பேசுகிற அதே கமறல். வெளியே கண் கூசுகிற வெயில்; ஃபோர்க்லிஃப்ட் பின்னால் போகிற பீப் பீப் கேட்கிறது; கேன்டீனிலிருந்து ரசம் வாசம் வருகிறது. வேறு யாராவது பக்கத்தில் இருந்தால் தேவலை என்று பட்டது.

பிறகு விரல் விட்டு எண்ணினேன். நாளுக்கு நாலு நிமிஷம் முந்தினால் அது பதினேழாம் தேதி சரியாக இரண்டு மணிக்கு வரும். சங்கு ஊதுகிற நேரம். சசி கதவருகே நின்று வரேன் என்று சொல்கிற நேரம்.

பன்னிரண்டாம் தேதி ஷிஃப்ட் மாறும்போது அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் கேலி செய்தாள். என் குரலை நானே பதிவு செய்து அவளுக்குப் பூச்சாண்டி காட்டுகிறேனாம். இரண்டாம் முறை அவளே ஒலியை ஏற்றிக் கேட்டாள்.

"இதேதான் மாமா. மூணாந்தேதி நான் கேட்டது இதேதான்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வரேன்னு சொல்லிக்கீறேன். அது வான்னு சொல்லிக்கீது. நான் வர ஒத்துக்கின மாதிரி பேச்சு முடிஞ்சிபோச்சு இல்ல?"

ரிசீவருக்குக் காது மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது, இங்கே நாம் பேசுவது அங்கே போகவே போகாது என்று அவளுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள். சரி, வேலையை விட்டுவிட்டு நாங்குநேரிக்கே போய்விடலாம் என்றேன்.

"அங்க வானம் இல்லியா மாமா?"



பாண்டுரங்கன் சாரிடம் போய் டிஷ்ஷை நிறுத்தச் சொன்னேன். பதிவைக் காது கொடுத்துக் கேட்டார். அவருக்குச் சீறல் மட்டும்தான் கேட்டதாம். ஓவர் டைம் அதிகமாகிவிட்டது, இருபதாம் தேதிக்குப் பிறகு ஒரு வாரம் லீவு தருகிறேன் என்று தோளில் தட்டினார். பதினேழாம் தேதி சசிக்கு மட்டும் ஒரு நாள் லீவு கிடைத்தது. வடகாலில் அவள் அம்மா வேப்பிலை அடித்து, இடுப்பில் கயிறு கட்டி அனுப்பினாள். அதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

பதினாலாம் தேதி யாருக்கும் தெரியாமல் டிஷ்ஷைச் சாய்த்துச் சேரப்பணஞ்சேரிப் பக்கம் தரையைப் பார்க்கத் திருப்பினேன். வானமே தெரியாத கோணம். இரண்டு பன்னிரண்டுக்கு மேடு வந்தது.

பதினைந்தாம் தேதி குழலின் வாயை அலுமினியத் தகட்டால் மூடினேன். இரண்டு எட்டுக்கு வந்தது.

பதினாறாம் தேதி ரிசீவரிலிருந்து கணினிக்குப் போகிற கேபிளையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து நின்றேன்.

இரண்டு நாலு.

வந்தது.

முன்னைவிட உயரமாக.

அந்த மூன்று நாளும் சசியும் நானும் வாயைத் திறக்காமல்தான் பிரிந்தோம். அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று பேசி வைத்திருந்தோம். அவள் கதவருகே நின்று கையை மட்டும் தூக்குவாள். நானும் தூக்குவேன். அவள் டிஷ்ஷைத் தாண்டி நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். கிடைக்கிற பத்து நிமிஷமும் அப்படி ஊமையாகப் போனது.

பதினேழாம் தேதி நான் அவளோடு வீட்டிலேயே இருந்திருக்கலாம். வேலை போனால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் அதைத்தான் நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறேன். அது டிஷ்ஷில்தான் இருக்கிறது, அது இருக்கிற இடத்தில் நான் காவல் நின்றால் அவள் இருக்கிற இடத்துக்குப் போகாது என்று என் மூளை கணக்குப் போட்டது. ஒன்று ஐம்பதுக்கு அறையின் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, சுப்பனிடம் கெஞ்சிப் பெட்டியிலிருந்து கைப்பேசியை வாங்கி, சசிக்குப் போட்டேன். இரண்டு மணி தாண்டும்வரை பேச்சை விடக் கூடாது என்று முடிவு.

கதவைத் தாழ் போட்டிருப்பதாகச் சொன்னாள். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறதாம். கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கிண்டுவது குரலிலேயே தெரிந்தது. அடுத்த வருஷம் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட் கேட்க வேண்டும், கொடுக்காவிட்டால் வேறு கம்பெனி பார்க்க வேண்டும் என்றாள். நான் ஊம் ஊம் என்று கொட்டிக்கொண்டே சுப்பன் தலைக்கு மேல் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று ஐம்பத்தொன்பது.

"மாமா, பயமா கீது. எதுனா பேசேன்."

"நான் இருக்கேன்ட்டி. இன்னும் ஒரு நிமிசம். அப்புறம் ஒண்ணுங் கெடையாது."

சங்கு ஊதியது. மெயின் கதவு திறந்து முதல் ஷிஃப்ட் ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

கைப்பேசிக்குள் குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஓர் ஆள் கூப்பிட்டான்.

"ஏட்டி, வா."

நான் உதட்டை அசைக்கவில்லை.

வீட்டில் வேலையாக இருக்கிற பெண்ணை வெளியிலிருந்து கூப்பிட்டால் என்ன சொல்வாள்? யோசித்தா சொல்வாள்? ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை தானாகவே வாயிலிருந்து விழும். கிளம்பும்போது சொல்லக் கூடாது என்று மட்டும்தான் பேசி வைத்திருந்தோம். கூப்பிட்டால் பதில் சொல்வதும் அதே வார்த்தைதான் என்பது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

"தோ, வரேன்" என்றாள் சசி.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "ஐயோ" என்று ஒரு மூச்சு. பிறகு குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சசி, சசி என்று நான் அலறியதில் ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் எல்லோரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சுப்பன் என்னைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு மண்ணூருக்குப் பறந்தார். போய்ச் சேரும்வரை கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பாதி வழியில் குழம்பு தீய்கிற சத்தம் கேட்டது.

கதவு உள்பக்கம் தாழ் போட்டபடி இருந்தது. உடைத்துத்தான் போனோம். அறை முழுக்கப் புகை. கைப்பேசி அடுப்பு மேடையில் கிடந்தது. இடுப்பில் கட்டியிருந்த கயிறு, அவிழ்க்காமல், முடிச்சோடு வட்டமாகத் தரையில் கிடந்தது. ஜன்னலுக்கு முழுக் கம்பி. கீழே குடியிருக்கிற வீட்டுக்கார சுந்தராம்பாள் அம்மா மத்தியானம் முழுக்க மாடிப்படி அடியில் உட்கார்ந்து வடகம் காயப்போட்டிருந்தார். யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தார்.

போலீஸில் முதல் கேள்வியே புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையா என்பதுதான். இரண்டு மணிக்கு நான் கம்பெனி வாசலில் நின்றது கேமராவில் இருந்ததால் என்னை விட்டார்கள். நடந்ததைச் சொன்னேன், எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். சசியின் அம்மா இன்றுவரை என் முகத்தில் விழிப்பதில்லை. நியாயம்தான். அவள் அழுவதற்காவது ஒரு காரணத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். எந்தக் காரணத்தைச் சொல்வேன்?

ரிசீவர் இருபதாம் தேதி போய்விட்டது. அதன் இடத்தில் அடுத்த பெட்டி வந்தது. ஊருக்குப் போய்விடு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் போகவில்லை. அவள் குரல் கேட்கிற இடம் இது ஒன்றுதான்.

ஆமாம், கேட்கிறது. பதினெட்டாம் தேதியிலிருந்து மேட்டில் என் குரல் இல்லை. கூட்டிக் கூட்டிப் பார்த்ததில் பத்தாம் நாள், அவள் குரல் தோ வரேன் என்றது. இருபதாம் நாள் அதற்குப் பிறகு வருகிற ஐயோவும் கேட்டது. முப்பதாம் நாள் அந்த ஐயோவுக்குப் பிறகு அவள் மாமா என்று கூப்பிடுவதும் கேட்டது. அன்றைக்குக் கைப்பேசியில் அது எனக்குக் கேட்கவே இல்லை. நான் ஏட்டி ஏட்டி என்று ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு அழுவேன். அதற்கு வாய் கிடையாது, நான் சொல்வது போகாது என்பது எனக்குத் தெரியும். முன்பும் அப்படித்தான் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். ஒரகடம் ரோட்டில் ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும். தாண்டிப் போகும்போது தடித்துவிடும். ரேடியோ அலையும் அப்படித்தான். விலகிப் போகிற பொருளின் அதிர்வெண் இறங்கும், நெருங்கி வருகிற பொருளின் எண் ஏறும். சசியின் எண் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போயிற்று. பூமியின் ஓட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இறக்கம்தான். ஒவ்வொரு நாளும் எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்று நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வேறு என்ன செய்ய முடியும் எனக்கு?

இருபது நாளைக்கு முன்னால் அந்த இறக்கம் நின்றது. மறுநாள் எண் ஒரு துளி ஏறியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் ஒரு துளி.

சந்தோஷப்படத் தெரியவில்லை. வருவது சசிதானா, அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போனது அவள் குரலையும் கற்றுக்கொண்டு திரும்பி வருகிறதா என்று சொல்ல எந்தக் கருவியும் என்னிடம் இல்லை. வா என்ற ஒரே ஒரு வார்த்தை நாக்கு நுனியில் நிற்கிறது. ஒருவேளை அதைச் சொன்னால் அவளுக்கு வழி தெரியலாம். ஆனால் என் குரலில் அந்த வார்த்தை செய்த காரியம் போதும். இருபது நாளாக யார் கிளம்பும்போதும் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

இன்று மத்தியானம் வாசலில் சுப்பன் பெட்டியை நீட்டினார். கைப்பேசியைப் போடப் போன சமயத்தில் அது அடித்தது. சுந்தராம்பாள் அம்மா.

"ஏம்ப்பா வேல்ராஜ், நீ வேலைக்குப் போவலியா?" என்று கிசுகிசுத்தார். "மேல ரூம்ல அர மணி நேரமா உன் குரல் கேட்டுக்கினே கீது. யாரப்பா அப்டி வா வான்னு கூப்புடற?"